கடலுக்கும் காற்றுக்கும் இடையே சுவட்டு வாயுக்களின் பரிமாற்றத்தை அளத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

கடற்பரப்பின் வழியே வாயுக்கள் எந்நேரமும் இரு திசைகளிலும் கடந்துகொண்டிருக்கின்றன. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்குகிறது. கடலின் தாவர மிதவையுயிர்கள் உருவாக்கும் சேர்மத்திலிருந்து பிறக்கும் டைமீத்தைல் சல்பைடு காற்றுக்குச் சென்று, அங்கே கந்தகத் துகள்களாக மாறி, மேகத் துளிகள் உருவாக உதவுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, கார்பனைல் சல்பைடு, புரோமோஃபார்ம், மெத்தில் அயோடைடு எனக் காற்றில் மிகச் சிறு அளவில் மட்டுமே உள்ள இந்தச் சுவட்டு வாயுக்களின் பட்டியல் நீளும். ஓர் அலகுப் பரப்பின் வழியே ஓர் அலகு நேரத்தில் கடக்கும் வாயுவின் அளவையே பாயம் என்கிறோம். அதை எப்படி அளப்பது என்பதை, முதன்முறையாக இத்துறைக்குள் வருபவரை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் பாயத்தை எந்தக் கருவியும் நேரடியாகக் காட்டுவதில்லை. நீரிலுள்ள வாயு, காற்றிலுள்ள வாயு, வெப்பநிலை, உப்புத்தன்மை, காற்றின் வேகம் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, அவற்றிலிருந்து பாயத்தைக் கணக்கிடுகிறோம். ஆகையால் இறுதி எண்ணின் நம்பகத்தன்மையைப் பெரும்பாலும் முடிவு செய்பவை வெப்பமானி, காற்றுவேகமானி, திட்ட வாயு (செறிவு முன்பே துல்லியமாக அறியப்பட்ட ஒப்பீட்டு வாயு) உருளை போன்ற, யாரும் அதிகம் பேசாத சாதனங்களே. புதிதாக வருபவர்கள் விலை உயர்ந்த பகுப்பாய்வுக் கருவியின் மீதே முழுக் கவனத்தையும் செலுத்துவதை அடிக்கடி காண்கிறேன்; அந்தக் கவனத்தில் பாதியையாவது இந்த எளிய அளவீடுகளுக்குத் தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கணக்கின் அடிப்படை

1974-இல் லிஸ், ஸ்லேட்டர் ஆகிய இருவர் முன்வைத்த இருபடல மாதிரியே இன்றும் பெரும்பாலான கணக்குகளுக்கு அடித்தளம். நீர்ப்பரப்புக்குக் கீழே ஒரு மெல்லிய நீர்ப்படலமும் மேலே ஒரு மெல்லிய காற்றுப்படலமும் இருப்பதாகவும், வாயு இவ்விரண்டையும் மூலக்கூறு விரவலால் கடக்க வேண்டியிருப்பதாகவும் அது கொள்கிறது. வாயு நீர்ப்பரப்பை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதன் அளவைப் பரிமாற்ற வேகம் என்றால், இதிலிருந்து கிடைக்கும் சமன்பாட்டைச் சொற்களில் இப்படி எழுதலாம்:

பாயம் = பரிமாற்ற வேகம் × (நீரிலுள்ள செறிவு − காற்றோடு சமநிலையில் இருந்தால் நீரில் இருக்க வேண்டிய செறிவு)

விடை நேர்க்குறியில் வந்தால் வாயு கடலிலிருந்து வெளியேறுகிறது; எதிர்க்குறியில் வந்தால் கடலுக்குள் செல்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதியைக் கரைதிறன் × பகுதி அழுத்த வேறுபாடு என எழுதுவது வழக்கம்.

கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், டைமீத்தைல் சல்பைடு போன்ற வாயுக்களுக்கு நீர்ப்படலமே முதன்மைத் தடை. அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தனால் போன்று நீரில் மிக எளிதாகக் கரைபவற்றுக்குக் காற்றுப்படலமே தடை. அசிட்டோன் போன்றவற்றுக்கு இரண்டையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும். நீங்கள் அளக்கப்போகும் வாயு இவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் எந்தச் சமன்பாட்டையும் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

முதற்படி: வாயு சமநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அறிதல்

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும், ஏனெனில் உங்கள் உழைப்பை எங்கே செலவிட வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது.

கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும், பல இடங்களில் மீத்தேனும், திறந்த கடலில் சமநிலைக்கு மிக அருகில் இருப்பவை. மேல்நீரில் நைட்ரஸ் ஆக்சைடின் நிறைவு, அதாவது சமநிலைக்குரிய செறிவில் அது எத்தனை விழுக்காடு என்பது, பல கடற்பகுதிகளில் 100 விழுக்காட்டைச் சற்றே தாண்டி நிற்கும். அங்கே நிறைவு 103 விழுக்காடு என்றால், நாம் தேடும் சமிக்ஞை அந்த 3 மட்டுமே. செறிவை அளப்பதில் 1 விழுக்காடு பிழை நேர்ந்தாலும் பாயத்தில் மூன்றில் ஒரு பங்கு தவறிவிடும். எனவே இவ்வகை வாயுக்களுக்கு அளவுதிருத்தமே (தெரிந்த மதிப்புகளோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்தலே) உயிர்நாடி. நீரையும் காற்றையும் ஒரே கருவியால், ஒரே திட்ட வாயுக்களைக் கொண்டு, மாறி மாறி அளப்பது நல்லது. அப்போது கருவியின் பொதுவான ஒருபக்கப் பிழை இரண்டிலும் ஒன்றாகவே இருந்து, கழிக்கும்போது பெரும்பாலும் நீங்கிவிடும்.

டைமீத்தைல் சல்பைடின் நிலை வேறு. நீரில் அது சமநிலைக்குரிய அளவை விடப் பல மடங்கு மிகுதியாக இருப்பதால், காற்றிலுள்ள செறிவைப் பல வேளைகளில் புறக்கணித்துவிடலாம். அளவுதிருத்தத்தில் 3 விழுக்காடு பிழை நேர்ந்தால் பாயத்திலும் 3 விழுக்காடு பிழைதான். இங்கே அச்சுறுத்துபவை மாதிரி எடுக்கும்போது நேரும் இழப்பும், உயிரணுக்கள் உடைந்து செயற்கையாகப் பெருகும் செறிவுமே.

மூன்றாவதாக, பகலிரவுச் சுழற்சி வலுவாக உள்ள வாயுக்கள் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடும் கார்பனைல் சல்பைடும் சூரிய ஒளியால் மேல்நீரில் உருவாகின்றன. பின்னது நீராற்பகுப்பால் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருப்பதால், பகலில் வெளியேறும் அந்த வாயு விடியலை ஒட்டிக் கடலுக்குள் திரும்பவும் கூடும். நண்பகலில் மட்டும் மாதிரி எடுத்து நாள் முழுமைக்கும் பெருக்கினால் கிடைப்பது பொருளற்ற எண்.

இரண்டாம் படி: நீரைக் கெடுக்காமல் எடுத்தல்

ஆய்வுக் கப்பல்களில் மேல்நீரைத் தொடர்ச்சியாக உறிஞ்சி ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் குழாயமைப்பு இருக்கும். அதன் வாய் பொதுவாகச் சில மீட்டர் ஆழத்தில் இருக்கும். நீர் ஆய்வகம் வந்து சேர்வதற்குள் வெப்பநிலை மாறும். குழாயின் உட்சுவரில் நுண்ணுயிர்ப் படலம் வளர்ந்திருந்தால் அது வாயுக்களை உருவாக்கவோ உட்கொள்ளவோ செய்யும். எக்கி குமிழிகளை உறிஞ்சினால் கரைந்த வாயு வெளியேறிவிடும். இவற்றைக் கண்டறிய, திறந்தபடி இறங்கி வேண்டிய ஆழத்தில் மூடிக்கொள்ளும் நிஸ்கின் புட்டிகளால் அதே ஆழத்து நீரை அவ்வப்போது எடுத்து, குழாய் நீரோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டைப் பயணத்தின் முதல் நாளே தொடங்குங்கள். இறுதி நாளில் வேறுபாடு தெரியவந்தால் அது எப்போது நேர்ந்தது என்று கண்டுபிடிக்க இயலாது.

புட்டியில் மாதிரி பிடிக்கும் முறை எளியது, ஆனால் ஒழுங்காகச் செய்யக் கை பழக வேண்டும். நிஸ்கின் புட்டியிலிருந்து வாயு மாதிரிகளையே முதலில் எடுக்க வேண்டும். உப்புத்தன்மைக்கும் சத்துக்களுக்கும் உரிய மாதிரிகள் பின்னர்தான். மெல்லிய குழாயின் நுனியைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை செலுத்தி, நீரை மெதுவாக நிரப்பி, புட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு வழியவிட்டு, குழாயை மெல்ல வெளியே எடுத்து, ஒரு குமிழி கூட இல்லாமல் மூட வேண்டும். புட்டியைத் தலைகீழாக்கிக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் கொட்டிவிட்டு மீண்டும் பிடியுங்கள்.

டைமீத்தைல் சல்பைடுக்கு மேலும் ஒரு கவனம் தேவை. அதன் முன்னோடிச் சேர்மம் மிதவையுயிர்களின் உயிரணுக்களுக்குள் பன்மடங்கு மிகுதியாக இருக்கிறது. ஃபியோசிஸ்டிஸ், எமிலியானியா ஹக்ஸ்லெயி போன்ற தாவர மிதவையுயிர்கள் பெருகியுள்ள நீரில் இது மிகவும் அதிகம். வெற்றிட எக்கி வைத்து வேகமாக வடிகட்டினால் உயிரணுக்கள் உடைந்து, கடலில் இல்லாத டைமீத்தைல் சல்பைடு உங்கள் புட்டியில் பிறக்கும். புவியீர்ப்பால் மட்டும் சொட்டச் சொட்ட வடியவிடுங்கள். மாதிரியை இருளில் குளிர்ச்சியாக வைத்து, சில மணி நேரத்துக்குள் அளந்து முடியுங்கள். இதைச் சேமித்து வைத்துக் கரைக்கு வந்து அளக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேன் மாதிரிகளை மெர்குரிக் குளோரைடு சேர்த்து நுண்ணுயிர்ச் செயலை நிறுத்திச் சேமிக்கலாம். அது கடும் நஞ்சு. கையுறை, தனிக் கழிவுக்கலம், கப்பல் அதிகாரியின் முன் அனுமதி ஆகிய மூன்றும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

மூன்றாம் படி: செறிவை அளத்தல்

கார்பன் டை ஆக்சைடுக்குச் சமநிலைக்கலன் பயன்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீரை ஒரு மூடிய கலத்துக்குள் தூவாலையாகப் பொழியவிட்டு, கலத்தினுள் இருக்கும் காற்று அந்த நீரோடு சமநிலை அடைந்ததும் அக்காற்றை உலர்த்தி அகச்சிவப்புக் கருவியிலோ லேசர் நிறமாலைக் கருவியிலோ அளக்கிறோம். அந்தக் கருவியில் அளவு தெரிந்த செறிவுடைய திட்ட வாயுக்களைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்தி, கருவி எப்படி நகர்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். உங்கள் கடலில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த மதிப்பையும் மிக உயர்ந்த மதிப்பையும் அந்தத் திட்ட வாயுக்கள் இருபுறமும் அணைத்து நிற்க வேண்டும்.

இங்கேதான் வெப்பமானி முன்னால் வருகிறது. கடல்நீரின் கார்பன் டை ஆக்சைடு பகுதி அழுத்தம் ஒரு செல்சியஸ் டிகிரிக்கு ஏறத்தாழ 4.23 விழுக்காடு உயர்கிறது. சமநிலைக்கலனின் வெப்பநிலைக்கும் கடலின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை அரை டிகிரி தவறாகக் கொண்டால், 400 மைக்ரோஅட்மாஸ்பியரில் 8 மைக்ரோஅட்மாஸ்பியருக்கும் மேல் பிழை வரும். நாம் தேடும் கடல்–காற்று வேறுபாடே 40 மைக்ரோஅட்மாஸ்பியர் என்றால், பாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வெப்பமானியால் போய்விடும். தரமான அளவீடுகளில் பகுதி அழுத்தத்துக்கு 2 மைக்ரோஅட்மாஸ்பியர், வெப்பநிலைக்கு 0.05 டிகிரி என்ற துல்லியத்தை இலக்காகக் கொள்வது இதனால்தான். கடலின் மேற்றோல் அதற்குக் கீழுள்ள நீரை விடப் பொதுவாக 0.2 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உலகளாவிய கணக்கில் இந்தச் சிறு வேறுபாடு கூடக் கடல் உள்வாங்கும் மொத்த அளவைக் கண்கூடாக மாற்றுகிறது.

மிகக் குறைந்த செறிவில் உள்ள வாயுக்களுக்குக் குமிழியிட்டுப் பிடித்தல் என்னும் முறை உதவுகிறது. மாதிரி நீரில் தூய நைட்ரஜனையோ ஹீலியத்தையோ குமிழியிட்டுக் கரைந்த வாயுவை வெளியேற்றி, ஈரத்தை நீக்கி, குளிர்ந்த பொறியிலோ உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாயிலோ அதைச் சேர்த்து, பின் சூடாக்கிக் கேஸ் குரோமட்டோகிராஃபுக்குள் செலுத்துகிறோம். கந்தகச் சேர்மங்களுக்குச் சுடர் ஒளியளவைக் கண்டறிவான், நைட்ரஸ் ஆக்சைடுக்கும் ஹாலோகார்பன்களுக்கும் எலக்ட்ரான் கவர் கண்டறிவான், மீத்தேனுக்குச் சுடர் அயனியாக்கக் கண்டறிவான் என்பது வழக்கம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பலவற்றுக்கும் பொருந்தும். சுடர் ஒளியளவைக் கண்டறிவானின் எதிர்வினை கந்தக அளவின் இருமடிக்கு நெருக்கமாக வளர்வதால், நேர்கோட்டு அளவுதிருத்தம் அதற்குப் பொருந்தாது. வெற்று மாதிரியை (அளக்கும் வாயு இல்லாத மாதிரியை) நாள்தோறும் அளக்கத் தவறாதீர்கள்.

காற்று மாதிரிக்கான குழாயின் வாயைக் கப்பலின் முன்முனைக் கம்பத்தில், புகைபோக்கிக்கு இயன்றவரை தொலைவில் பொருத்துங்கள். காற்று பின்புறமிருந்து வீசும் நேரத்து அளவீடுகளை எந்த மனத்தாங்கலுமின்றி நீக்கிவிட வேண்டும்.

நான்காம் படி: பரிமாற்ற வேகம்

இந்த எண்ணே மிகப் பெரிய ஐயப்பாட்டுக்கு இடமானது. மேல்நீரின் கொந்தளிப்பு, அலை உடைதல், குமிழிகள், பரப்பில் படியும் கரிமப் படலங்கள் ஆகிய அனைத்தும் அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் எங்கும் எளிதாகக் கிடைக்கும் அளவீடு காற்றின் வேகம் என்பதால், பெரும்பாலான சமன்பாடுகள் அதை மட்டுமே கொண்டு அமைந்துள்ளன. வானின்கோஃப் 2014-இல் வெளியிட்ட வடிவம் பரவலாகப் பயன்படுகிறது:

பரிமாற்ற வேகம் (மணிக்குச் சென்டிமீட்டரில்) = 0.251 × (10 மீட்டர் உயரக் காற்று வேகம்)² × (ஷ்மிட் எண் ÷ 660)^−0.5

ஷ்மிட் எண் என்பது நீரின் இயக்கப் பாகுநிலையை அந்த வாயுவின் விரவல் கெழுவால் வகுத்தால் வருவது. 20 டிகிரி கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 660. காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசினால், இதன்படி பரிமாற்ற வேகம் மணிக்கு 16 சென்டிமீட்டர், அதாவது நாளுக்கு 3.85 மீட்டர். கரைதிறன் அந்த வெப்பநிலையிலும் 35 என்ற உப்புத்தன்மையிலும் ஓர் அட்மாஸ்பியருக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 33.2 மோல். பகுதி அழுத்த வேறுபாடு 40 மைக்ரோஅட்மாஸ்பியர் எனில், மூன்றையும் பெருக்கச் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5.1 மில்லிமோல் கிடைக்கும். அதே காற்றில் டைமீத்தைல் சல்பைடின் ஷ்மிட் எண் ஏறத்தாழ 920 என்பதால் பரிமாற்ற வேகம் மணிக்கு 13.6 சென்டிமீட்டராகக் குறையும். நீரில் லிட்டருக்கு 3 நானோமோல் செறிவு இருந்தால் பாயம் சதுர மீட்டருக்கு நாளுக்கு 10 மைக்ரோமோலை ஒட்டி வரும். இந்த இரு கணக்குகளையும் ஒருமுறை தாளில் கையாலேயே போட்டுப் பாருங்கள். அலகுகளை மாற்றுவதில் நேரும் பிழைகள் அப்போதுதான் கண்ணில் படும்.

காற்று வேகத்தைக் கையாள்வதில் இரண்டு தவறுகள் மிகப் பரவலானவை. கப்பலின் காற்றுவேகமானி 20 மீட்டர் உயரத்தில் இருந்தால், அது காட்டும் வேகம் 10 மீட்டர் உயரத்து வேகத்தை விட ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல். இருமடியாக்கும்போது பிழை 12 விழுக்காட்டைத் தாண்டும். மற்றது சராசரி எடுக்கும் வரிசை. பாதி நேரம் 4 மீட்டரும் பாதி நேரம் 12 மீட்டரும் வீசிய காற்றின் சராசரி 8, அதன் இருமடி 64. ஆனால் முதலில் இருமடியாக்கிப் பின் சராசரி எடுத்தால் வருவது 80. பரிமாற்றம் உண்மையில் பின்னதையே பின்பற்றுகிறது. மாதச் சராசரி வேகத்தை அப்படியே இருமடியாக்கிய கணக்குகள் பாயத்தைக் குறைத்தே காட்டும்.

சமன்பாட்டின் கெழு எந்தக் காற்றுத் தரவுத்தொகுப்பைக் கொண்டு பெறப்பட்டதோ அதற்கே பொருந்தும் என்பதையும், கார்பன் டை ஆக்சைடுக்கு அமைந்ததை எல்லா வாயுக்களுக்கும் நீட்டிக்கக் கூடாது என்பதையும் மறவாதீர்கள். டைமீத்தைல் சல்பைடு நீரில் கூடுதலாகக் கரைவதால், உடையும் அலைகளின் குமிழிகள் அதன் பரிமாற்றத்துக்கு அவ்வளவாக உதவுவதில்லை. கடும் காற்றில் செய்த நேரடி அளவீடுகளில் அதன் பரிமாற்ற வேகம் இருமடியாக அல்லாமல் ஏறத்தாழ நேர்கோட்டில் உயர்வதே காணப்பட்டது. குமிழிகளின் பங்கைத் தனியே கணக்கிடும் கோயர் (COARE) வகைக் கணினி நிரல்கள் இத்தகைய நிலையில் மேலானவை.

ஐந்தாம் படி: நேரடி அளவீட்டை எப்போது நாடுவது

பாயத்தை நேரடியாகவே அளக்கும் முறையும் உண்டு. அது சுழல் இணைமாறுபாட்டு முறை. செங்குத்துக் காற்று வேகத்தையும் வாயுச் செறிவையும் விநாடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ அளந்து, இரண்டின் ஏற்ற இறக்கங்களைப் பெருக்கி, பத்து முதல் அறுபது நிமிடங்களுக்குச் சராசரி எடுத்தால் பாயம் கிடைக்கும். எந்தக் காற்றுவேகச் சமன்பாடும் இதற்குத் தேவையில்லை. சொல்லப்போனால் அச்சமன்பாடுகளைச் சோதிக்கவே இம்முறை பெரிதும் பயன்படுகிறது. டைமீத்தைல் சல்பைடுக்குக் கடலில் இம்முறையைக் கையாண்ட அளவீடு 2004-இல் வெளியானது.

ஆனால் தொடக்கநிலையில் உள்ளவர் இதைத் தனியே மேற்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். மேலே கண்ட 5 மில்லிமோல் பாயத்துக்குரிய செறிவு ஏற்ற இறக்கம், காற்றிலுள்ள 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) கார்பன் டை ஆக்சைடில் ஒரு பிபிஎம்மின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கப்பலின் மேல்கீழ் அசைவோ நாம் தேடும் செங்குத்துக் காற்றை விடப் பெரிதாக இருக்கக்கூடும். அதை முடுக்கமானிகளாலும் சுழல்மானிகளாலும் அளந்து கழிக்க வேண்டும். கப்பலின் உடல் காற்றோட்டத்தை வளைக்கிறது. நீராவியின் ஏற்ற இறக்கம் கார்பன் டை ஆக்சைடு போலவே கருவியில் தோன்றி மயக்குகிறது. காற்றை உலர்த்திய பின் மூடிய கலத்தில் அளப்பதே இதற்கு நம்பத்தக்க தீர்வாக இருந்து வருகிறது. கடல் உப்பு உணர்விகளின் மேல் படிவதால் அவற்றை நாள்தோறும் நன்னீரால் கழுவ வேண்டும். அனுபவமுள்ள குழுவோடு ஒரு பயணம் சென்று கற்றுக்கொண்ட பின் இதில் இறங்குவதே முறை.

மிதவைக் கூண்டு முறையைப் பற்றியும் கேட்பார்கள். கழிமுகங்களிலும் குளங்களிலும் அமைதியான நீரில் அது பயன்படும். திறந்த கடலில் கூண்டே காற்றைத் தடுத்து நீர்ப்பரப்பைக் குலைப்பதால், அதன் விடையை நான் ஏற்பதில்லை. ஹீலியம்-3, சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு ஆகிய இரண்டையும் நீரில் விட்டு, அவற்றின் விகிதம் மாறும் வேகத்திலிருந்து பரிமாற்ற வேகத்தைப் பெறும் இரட்டைச் சுவடு முறை கடலில் நன்கு சோதிக்கப்பட்டது. ஆனால் அது நாள்கணக்கில் சராசரியான ஒற்றை எண்ணையே தரும், பெரிய பயணத் திட்டமும் வேண்டும்.

இறுதிப் படி: ஐயப்பாடும் பதிவும்

ஒவ்வொரு பாயத்தோடும் அதன் ஐயப்பாட்டைச் சேர்த்தே தர வேண்டும். செறிவு வேறுபாட்டின் பிழையையும் பரிமாற்ற வேகத்தின் பிழையையும் தனித்தனியே எழுதுங்கள். உலகளாவிய சராசரியிலேயே பரிமாற்ற வேகத்துக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு ஐயப்பாடு கூறப்படுகிறது. ஒரே நாளின், ஒரே இடத்தின் மதிப்புக்கு அது இன்னும் கூடுதல். இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால், உங்கள் அளவீடு குறைபட்டதா, சமன்பாடு குறைபட்டதா என்று படிப்பவரால் பிரித்தறிய முடியாது.

தரவைச் சேமிக்கும்போது பாயத்தை மட்டும் வைக்காதீர்கள். நீரின் செறிவு, காற்றின் செறிவு, சமநிலைக்கலனிலும் கடலிலும் இருந்த வெப்பநிலைகள், உப்புத்தன்மை, காற்றழுத்தம், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள காற்று வேகம், காற்றுவேகமானியின் உயரம், நீர் உறிஞ்சிய ஆழம், திட்ட வாயு உருளைகளின் சான்றளிக்கப்பட்ட மதிப்புகள், பயன்படுத்திய கரைதிறன், ஷ்மிட் எண் சமன்பாடுகளின் பெயர்கள் ஆகிய அனைத்தையும் நேரக்குறியோடும் இருப்பிடத்தோடும் பதிய வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்குச் சோகாட், நைட்ரஸ் ஆக்சைடுக்கும் மீத்தேனுக்கும் மெமென்டோ எனப் பன்னாட்டுத் தொகுப்புகள் இருக்கின்றன. அவை வேண்டுவதும் இந்த மூல அளவீடுகளையே. பரிமாற்ற வேகத்துக்கான சமன்பாடுகள் இனியும் மாறும். மூல அளவீடுகள் முழுமையாக இருந்தால், இன்று நீங்கள் எடுத்த மாதிரியின் பாயத்தைப் பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் புதிய சமன்பாட்டைக் கொண்டு மீண்டும் கணக்கிட முடியும்.